கொடுமுடியில் ஒரு மஞ்சளறை

குடகிலே பிறந்து, மேட்டூரிலே தேங்கி, பவானியிலே துணை சேர்த்துக்கொண்டு, ஈரோட்டைக் கடந்து தெற்கு முகமாக இறங்கி வருகின்ற காவிரி, கொடுமுடிக்கு வந்ததும் சற்றே யோசிக்கிறாள். கீழ்த்திசையில் கடல் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்புகிறாள். அந்தத் திருப்பத்தைப் பார்த்தபடி ஆற்றின் மேலைக் கரையில் மகுடேசுவரர் ஆலயம் நிற்கிறது.

ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரெயிலில் ஏறினால் பாசூர், ஊஞ்சலூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, ஏறக்குறைய 40 கிலோ மீட்டரில் கொடுமுடி ஸ்டேஷன் வந்துவிடும். வழி நெடுகக் கண்ணுக்குப் பஞ்சமில்லை. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த கால்வாய் பவானியில் புறப்பட்டு இந்த வட்டாரம் வரையில் வந்து நொய்யலிலே கலக்கிறது. அதன் தயவில் வாழையும் கரும்பும் மஞ்சளும் தென்னையும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வளர்கின்றன. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் பச்சை. மறு பக்கம் பார்த்தாலும் பச்சை. பொட்டல் கொங்கு என்று நம்மிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் இந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டார்கள்.

கோயிலைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரரின் நமச்சிவாயத் திருப்பதிகம் பிறந்தது இங்கேதான். சிவனும் விஷ்ணுவும் பிரமனும் ஒரே மதிலுக்குள் குடியிருக்கிறார்கள். பிரமனுக்கு வன்னி மரத்தடியே சந்நிதி. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கின்ற அடியார்கள் இங்கு வந்து காவிரித் தீர்த்தம் முகந்துகொண்டு போவார்கள். ஆடிப் பதினெட்டன்று படித்துறையில் கால் வைக்க இடமிராது. இவ்வளவும் போதாதென்று 1908-இல் இந்த ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்து, வறுமையிலே பாடத் தொடங்கி, கே. பி. சுந்தராம்பாள் என்ற பெயரோடு தமிழ்நாட்டின் காதையெல்லாம் தன் வசமாக்கிக்கொண்டது. கதர்ப் பாட்டும் தேச பக்திப் பாட்டும் அந்தக் கணீரென்ற குரலில் மேடை மேடையாக ஒலித்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள்.

இத்தனை பெருமை படைத்த க்ஷேத்திரத்துக்கு நாம் போனது ஸ்வாமி தரிசனத்துக்காக என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தரிசனம் செய்தோம், சந்தேகமில்லை. ஆனால் நம்மை வண்டியேற்றியது நண்பர் ஒருவரின் தகவல். கொடுமுடியில் மஞ்சள் வியாபாரம் செய்த பழைய குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறையை இடிக்கப் போகிறார்களாம். அந்த அறையின் பரணில் பழங்காலத்து மர்ம நாவல்கள், கெட்டி அட்டை போட்டவை, நாற்பதுக்கு மேல் இருக்கின்றனவாம். பழைய பேப்பர்க் கடைக்காரர் கிலோ பன்னிரண்டு ரூபாய் வீதம் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறாராம். இதைக் கேட்ட பின் வீட்டில் உட்கார்ந்திருக்க நம்மால் முடியவில்லை.

மர்ம நாவலா என்று முகம் சுளிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஜாதி நாவல்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் சுளிப்பு மாறக் கூடும்.

இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்னும் பிரபு, 1764-ஆம் வருஷக் கடைசியில் 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற கதையை வெளியிட்டார். பாழடைந்த கோட்டை, சுரங்க வழி, நள்ளிரவில் அசையும் சித்திரம், துரத்தப்படும் கன்னிகை என்று பிற்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கையாண்ட சாமான்களெல்லாம் அதிலே முதன்முதலாகக் கடை பரப்பப்பட்டன. அதைத் தாம் எழுதியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் புத்தகசாலையில் அகப்பட்ட இத்தாலிய நூல் என்றும், 1529-இல் நேபிள்ஸ் நகரத்தில் அச்சானது என்றும் முகவுரையில் ஒரே போடாகப் போட்டார். ஜனங்கள் நம்பினார்கள். மறு வருஷம் இரண்டாம் பதிப்பில்தான் குட்டு வெளியாயிற்று. ஆக, இந்த வகை நாவலின் முதற் புத்தகமே, பழைய வீட்டில் கிடைத்த பழைய புத்தகம் என்ற வேஷத்தோடு பிறந்தது.

அந்த வம்சத்தில் பின்னால் வந்தவர்கள் பலர். ஆன் ராட்கிளிப் அம்மையார், 1818-இல் 'பிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி, 1897-இல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் ஆகியோரை இங்கிலீஷ் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் நம் தேசத்தில் காலூன்றியவர் இவர்களில் யாருமல்லர். ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் என்பவர்தாம். 1844-இல் 'லண்டன் நகர ரகசியங்கள்' என்ற கதையை வாரத்துக்கு ஒரு பென்னி விலையில் வெளியிடத் தொடங்கினார். ஏழைகளின் பட்டினியையும் பிரபுக்களின் அக்கிரமத்தையும் பக்கத்துப் பக்கம் வைத்து எழுதினார். சாஸன இயக்கத்தில் சேர்ந்து சாமானிய ஜனங்களுக்கு வோட்டுரிமை கேட்டார். அரண்மனைக்குள்ளே புகுந்து ராஜ குடும்பத்தின் நடத்தையையும் சந்தி சிரிக்க வைத்தார். அவருடைய நாட்டுப் பண்டிதர்கள் அவரை இலக்கியக்காரராக ஒப்புக்கொண்டதே இல்லை. இந்தியாவிலோ, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவரைப்போல் வாசிக்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர் வேறொருவர் இல்லை என்று ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்துச் சொல்லுகிறார்கள். வெள்ளைக்காரப் பிரபுக்களின் மாளிகைக் கதவை வெள்ளைக்காரர் ஒருவரே திறந்து, உள்ளேயிருக்கும் அழுக்கைப் பாருங்கள் என்று கூப்பிட்டால், அடிமைப்பட்டிருந்த தேசத்து வாசகனுக்கு அதில் ஒரு தனி ருசி இருந்திராதா?

தமிழில் அந்த ருசியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-இல் ஆரம்பமான 'ஆனந்தபோதினி'யில் ஆசிரியராக அமர்ந்து, 1925-இல் காலமாகும் வரையில் நாவல் நாவலாகப் பொழிந்தார். ரெயினால்ட்ஸையும் மற்றவர்களையும் வேட்டி கட்டித் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தார். ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்' எழுதினார். அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு பழக்கமானான். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் 'கும்பகோணம் வக்கீல்', 'மேனகா' முதலிய நாவல்களை எழுதித் திகம்பர சாமியாரை உலவவிட்டார். அந்தச் சாமியாரை 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் படமாகவே எடுத்தார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யைத் தம் கையிலே வைத்துக்கொண்டு மாதா மாதம் கதை கொடுத்தார்.

இவையெல்லாம் குப்பை என்று தள்ளுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் 'லைலா'வைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை 1911-இல் வெளியிட்டார். அடிகளுக்கு ஆகாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது?

இனி அந்த வீட்டுக்குப் போவோம்.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தெரு. திண்ணை வைத்த ஓட்டு வீடு. உள்ளே சென்றதும் நெடியதொரு ஆசாரம். அதைக் கடந்து முற்றம். முற்றத்துக்கு அப்பால் ஜன்னல் இல்லாத நீண்ட அறை. அறுவடையான மஞ்சளை வேக வைத்து, உலர்த்தி, விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்து, மூட்டை கட்டி அடுக்கி வைத்த இடம் அது. வியாபாரம் நின்று பல வருஷங்களாகியும் சுவரும் தளமும் உத்தரமும் இன்னும் மஞ்சளாகவே இருக்கின்றன. காலைத் தரையில் வைத்தால் பாதம் மஞ்சளாகிறது. வீட்டார் அதை 'மஞ்ச ரூமு' என்கிறார்கள்.

பரணிலிருந்து இறக்கிய முதற் புத்தகத்தைத் துடைத்துப் பெயரைப் படித்ததும் நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். 'மஞ்சளறையின் மர்மம்'! பிரெஞ்சு ஆசிரியர் காஸ்டன் லெரூ எழுதியதை ஆரணியார் தமிழாக்கியது. உட்புறம் தாழிட்ட மஞ்சள் நிற அறைக்குள் ஒரு பெண்ணைத் தாக்கியவன் எப்படி வெளியேறினான் என்பது கதை. இங்கேயோ, கதவில்லாத மஞ்சளறைக்குள் ஒரு நூற்றாண்டு காலம் புத்தகங்கள் எப்படித் தப்பித்திருந்தன என்பது கேள்வி.

மஞ்சள்தான் காத்தது என்பது வீட்டாருடைய நம்பிக்கை. மஞ்சளிலேயே வண்டு விழும் என்று நாம் கேள்விப்பட்டிருப்பதால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பரணில் புத்தகங்களுக்கு நடுவே வசம்புத் துண்டுகளும், தொட்டால் பொடியாகும் வேப்பிலையும் கிடந்தன. யாரோ ஒருவர் வருஷா வருஷம் கவலையோடு மாற்றி வைத்திருக்கிறார். அப்படியும் இராமபாணப் பூச்சி சில புத்தகங்களில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் நேராகத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. கதையின் முடிவை அவ்வளவு அவசரமாகத் தெரிந்துகொண்ட வாசகர் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்த வீட்டுப் பெரியம்மாளுக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். ஆசாரத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே நம்மை வரவேற்றார்.

"வாங்க வாத்தியாருங்க, உக்காருங்க. புஸ்தகத்துக்காவ இம்புட்டு தூரமாங்க? அதெல்லாம் எங்க அத்தை படிச்சதுங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அது பழசுங்க."

அத்தை என்றது மாமியாரை. அவர் 1912-ஐ ஒட்டிப் பிறந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவர். பதினைந்து வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். பெண்பிள்ளை நாவல் படித்தால் குடும்பம் உருப்படாது என்று ஊர் பேசிய காலத்தில், மஞ்சள் வேக வைக்கும் அடுப்பின் வெளிச்சத்தில் அவர் உரக்கப் படிப்பாராம். வேலைக்காரப் பெண்கள் விறகைத் தள்ளியபடியே கேட்பார்களாம். கொலை நடக்கிற இடம் வந்தால் ஒருவரும் விறகு தள்ள மாட்டார்களாம். மஞ்சள் வேகாமல் போகுமாம்.

புத்தகங்களைக் கீழே இறக்கி வரிசைப்படுத்தியபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. அந்தக் காலத்துக் கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் காலிகோ பைண்டுதான். சிவப்பு, பச்சை அல்லது நீலக் காலிகோத் துணி ஒட்டி, முதுகிலே பொன்னெழுத்துப் பொறித்திருப்பார்கள். இங்கே ஒன்றிலும் காலிகோ இல்லை, பொன்னெழுத்தும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி முரட்டு வெள்ளைத் துணி உறை. காலத்தால் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. முதுகில் சிறு காகிதத் துண்டு ஒட்டி, மையினால் நாவலின் பெயரும் பாகமும் எழுதியிருந்தது. எழுத்து உருண்டை உருண்டையாக அழகாக இருந்தது.

துணியை விரலால் தடவினோம். கதர்!

"ஆமாங்க, கதர்தானுங்க. எங்க மாமனார் காந்தி கட்சிங்க. 'சீமைத் துணி வூட்டுக்குள்ள ஒரு முழம் இருக்கப்படாது'ன்னுட்டாருங்க. சீலை, வேட்டி எல்லாம் போயி, கடைசியில இந்தப் புஸ்தக அட்டையும் சீமைத் துணின்னு கண்டுபுடிச்சிட்டாருங்க."

1930-ஆம் வருஷம்; உப்புச் சத்தியாக்கிரகத்தோடு அந்நியத் துணி பகிஷ்காரமும் தேசமெங்கும் மூண்டிருந்த சமயம். புத்தகங்களோடு சேர்த்தே கொளுத்திவிடலாம் என்பது கணவரின் கட்சி. கதைத் தாள் நம் ஊர் அச்சு, நம் பாஷை. அதற்கு என்ன தோஷம் என்பது மனைவியின் கட்சி. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, நான்காம் நாள் ராஜி ஏற்பட்டதாம். காலிகோவை உரித்து நெருப்பில் போடுவது. தாளுக்குக் கதர் அட்டை போடுவது. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். அங்கிருந்து துணி வந்தது. பசை காய்ச்சி, கணவரும் மனைவியும் இதே மஞ்சளறையில் உட்கார்ந்து நாற்பது புத்தகங்களுக்கும் தாங்களே அட்டை கட்டினார்கள். மேலட்டைகளின் உட்புறத்தில் அங்கங்கே மஞ்சள் ரேகை விழுந்திருக்கிறது. யாருடைய விரலோ?

இங்கே காலிகோவைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. மலையாளக் கரைத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணியை ஐரோப்பியர் ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள். பின்னர் தங்கள் ஆலைகளில் அதைத் தாங்களே நெய்தார்கள். 1820-களில் லண்டன் பைண்டர்கள் அந்தத் துணிக்குக் கஞ்சி ஏற்றி, சாயம் தோய்த்துப் புத்தக அட்டைக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு முன் தோல் அட்டை போட வசதியில்லாதவன் வெறும் காகித அட்டையோடு புத்தகத்தை வாங்க வேண்டும். துணி அட்டை வந்ததும் புத்தகம் மலிந்தது, நாவல் பெருகியது. மாஞ்செஸ்டர் பக்கத்து ஆலைகளில் செய்த அந்தத் துணி கப்பலேறி இங்கே வந்து நம் நாவல்களுக்கும் சட்டையாயிற்று. கோழிக்கோட்டுப் பெயரைச் சூடிக்கொண்டு சீமையிலிருந்து வந்த துணியை, ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே, தறிச் சத்தம் ஓயாத பிரதேசத்தில், ஒரு குடும்பம் உரித்தெறிந்து ராட்டை நூல் துணியைப் போர்த்தியது. சரித்திரம் இப்படிப்பட்ட வீடுகளிலும் நடந்திருக்கிறது.

பெரியம்மாளின் பேரர் நல்ல பிள்ளை, ஈரோட்டில் உத்தியோகம். அவர் கேட்டார்:

"ஸார், லண்டன்ல, அமெரிக்காவுல எல்லாம் பழைய கதைப் புஸ்தகத்துக்குக் கோடிக் கணக்குல குடுக்கறாங்களாமே, நெசமுங்களா?"

நிஜந்தான். 1818-இல் 'பிராங்கன்ஸ்டைன்' மூன்று பாகங்களாக 500 பிரதிகள் மட்டுமே அச்சாயிற்று. அதில் ஒரு பிரதி 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 11 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்த விலைக்கு முக்கியமான காரணம், பிரசுரகர்த்தர் ஒட்டிய பழைய காகித அட்டை மாறாமல் இருந்தது. அந்த அட்டை வேண்டுமென்றே தற்காலிகமாகப் போட்டது. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அதைக் கிழித்துவிட்டுத் தங்கள் அந்தஸ்துக்கேற்பத் தோல் அட்டை போட்டுக்கொள்வார்கள். ஆகவே கிழிக்காமல் விட்ட சோம்பேறியின் பிரதிக்கு இன்று கோடி ரூபாய்! 'டிராகுலா'வின் முதற் பதிப்பும் அப்படியே. மஞ்சள் துணியில் சிவப்பெழுத்துப் பொறித்த அட்டை அழுக்குப்படாமல் இருந்தால்தான் மதிப்பு. ஒருவரும் தொட்டுப் படிக்காத புத்தகத்துக்கே உயர்ந்த விலை என்பது அந்த உலகத்தின் சட்டம்.

அந்தச் சட்டப்படி பார்த்தால் கொடுமுடிப் புத்தகங்களுக்கு மதிப்பே கிடையாது. மூல அட்டை போயிற்று, ஓரம் தேய்ந்திருக்கிறது, பக்கங்களில் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. பேரரிடம் நாம் இதை ஒளிக்காமல் சொன்னோம். ஆனால் அந்தச் சட்டம் நம் தேசத்துக்குச் செல்லாது என்பதையும் சொன்னோம். நம் வீடுகளில் புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததில்லை. ஒருவர் வாங்கி ஒன்பது பேர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள். அந்த ஒன்பது பேரின் அடையாளமும் அழிந்த புத்தகம் நமக்கு எதற்கு? காலிகோவும் பொன்னெழுத்தும் மாறாத 'இராஜாம்பாள்' எங்கேயாவது இன்னொன்று அகப்படும். மனைவி எழுத்தில் பெயர் எழுதி, கணவர் கதரில் அட்டை கட்டிய 'இராஜாம்பாள்' உலகத்திலேயே ஒன்றுதான்.

இப்படிப் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றும் புண்ணியவான்கள் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் ஆயுளையே இதற்குச் செலவிட்டார். பண்டித நூல்களோடு நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை என்று எதையும் தாழ்வாக நினைக்காமல் லட்சம் வரையில் சேர்த்தார். அவர் 1992-இல் காலமான பிறகு, சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கி, கடல் கடத்திவிடாமல் சென்னையிலேயே 1994-இல் நூலகமாக அமைக்கச் செய்தது. தமிழனின் கதைப் புத்தகத்தைக் காக்கச் சிகாகோவிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நன்றியும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

வரிசைப்படுத்திக்கொண்டே வந்தவர்கள் வடுவூராரின் 'பூர்ணசந்திரோதய'த்தில் வந்து நின்றோம். ஐந்து பாகங்கள் கொண்ட பெரிய நாவல். நான்கு பாகங்கள் இருந்தன. ஐந்தாவது இல்லை. பரணைத் துழாவினோம், மூட்டைச் சாக்குகளை உதறினோம். பழம்புத்தகம் தேடுகிறவர்களுக்கு இது பழகிப்போன துக்கம். மர்ம நாவலில் கடைசிப் பாகம் மட்டும் இல்லாமல் இருந்தால், தீபாராதனை சமயத்தில் கோயில் கதவை அடைத்ததுபோல் இருக்கும்.

"அது வரவே இல்லீங்க, கண்ணு," என்றார் பெரியம்மாள். அதற்குள் வாத்தியார் பதவியிலிருந்து நாம் உயர்ந்துவிட்டிருந்தோம்.

அந்நாளில் இந்த நாவல்கள் கடையில் வாங்கப்பட்டவை அல்ல. ஒரு கார்டு எழுதிப் போட்டால் வி.பி.பி.யில் வரும். தபால்காரர் கட்டைக் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்தால் புத்தகம். கொடுக்காவிட்டால் சில நாள் தபாலாபீசில் கிடந்துவிட்டு, வந்த வழியே திரும்பும். நான்கு பாகங்களை அப்படி வரவழைத்துப் படித்தாகிவிட்டது. ஐந்தாம் பாகத்தின் கட்டு வந்தது 1932-இல். கணவர் அப்போது கோயமுத்தூர்ச் சிறையில் இருந்தார். வீட்டுப் பணம் மாமனார் கைக்கு மாறியிருந்தது. மகன் ஜெயிலில் இருக்கும்போது மருமகளுக்குக் கதைப் புத்தகமா என்று அவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. தபால்காரர் மூன்று நாள் வந்து பார்த்தார். நான்காம் நாள் கட்டு திரும்பிவிட்டது. பின்னால் எழுதிக் கேட்டபோது அந்தப் பாகம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்ததாம்.

"அப்புறம் என்ன செய்தார் உங்கள் அத்தை?"

"என்னங்க செய்யறது? அவிங்களே சொல்லிட்டாங்க."

நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான்கு பாகங்களைக் கேட்டு முடித்த பெண்கள், அடுப்படியில் உட்கார்ந்து, அப்புறம் அப்புறம் என்று பிடுங்கியெடுத்தார்கள். அவர் ஐந்தாம் பாகத்தைத் தாமாகவே கட்டிச் சொன்னார். ஒரே நாளில் அல்ல. அந்த வருஷத்து மஞ்சள் அவியல் முடியும் மட்டும் சொன்னார். கெட்டவனுக்குச் சிறை கொடுத்தார். நல்லவனை சிறையிலிருந்து விடுவித்தார். அதன் பின் ஒவ்வொரு தையிலும் அவியல் தொடங்கினால் நான்கு பாகம் வாசிப்பு; ஐந்தாம் பாகம் வாய்க்கதை. பெரியம்மாள் மருமகளாக வந்தபோது கேட்டதும் அப்படித்தான். மாமியார் மறைந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது அந்த முடிவு ஒருவருடைய நினைவில் மட்டும் இருக்கிறது.

பேரர் கைப்பேசியை எடுத்தார். 'பூர்ணசந்திரோதயம்' ஐந்து பாகங்களும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆசிரியர் 1942-இல் காலமானவர். பதிப்புரிமைக் காலமும் கழிந்துவிட்டது. இரண்டு நிமிஷத்தில் ஐந்தாம் பாகத்தின் முதற் பக்கம் அவர் கையில் ஒளிர்ந்தது. தொண்ணூறு வருஷமாக வராத கட்டு வந்துவிட்டது, வி.பி.பி. கட்டணம் கூட இல்லை.

"படிக்கட்டுங்களா, ஆத்தா?"

பெரியம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. கட்டிலின் கயிற்றைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுல வேணாங்கண்ணு. பொட்டியில வெளிச்சம் போட்டுப் படிக்கறதா கதை? புஸ்தகமா இருந்தாப் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் கரூர் வண்டியைப் பிடித்தோம். அடுத்த சில ஸ்டேஷன்களில் புகளூர் வந்துவிடும். அங்கே 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அதற்காகவே காகிதபுரம் என்று ஓர் ஊர் எழும்பியிருக்கிறது. கரும்பு ஆட்டிய சக்கையை அடுப்பெரித்த தேசத்தில் அந்தச் சக்கையே பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகிறது. நாம் தேடிப்போன நாவல்கள் மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. அந்தக் காகிதத்திலுள்ள புளிப்புச் சத்தே அதை உள்ளிருந்து தின்கிறது. மடித்தால் அப்பளம்போல் ஒடிகிறது. கதர் அட்டை இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். உள்ளேயிருக்கும் தாள் இருக்குமா என்பது சந்தேகம். தக்க நூலகத்தில் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்க வேண்டிய அவசரம் அதனால்தான். பேரரிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அறையை இடிக்கும் யோசனையும் இந்த வருஷம் வேண்டாமென்று தள்ளிப்போயிருக்கிறது. புத்தகங்களை விலைக்குக் கேட்க நமக்கு வாய் வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஐந்தாம் பாகத்தைக் காகிதத்தில் அச்செடுத்தோம். சர்வோதய சங்கத்துக் கடையில் இரண்டு முழம் கதர் வாங்கி, பழக்கமான பைண்டரிடம் கொடுத்து, மற்ற நான்கு பாகங்களின் அளவுக்கே வெட்டி அட்டை கட்டச் சொன்னோம். அவர் பொன்னெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று ஒரு காகிதத் துண்டை மட்டும் ஒட்டச் செய்து, பெயர் எழுதாமல் ரிஜிஸ்தர் தபாலில் கொடுமுடிக்கு அனுப்பினோம்.

ஒன்றரை மாதம் கழித்துப் பேரரிடமிருந்து கடிதம் வந்தது. தினம் இரவில் ஒரு மணி நேரம் அவர் உரக்கப் படிக்க, பெரியம்மாள் முழுவதும் கேட்டு முடித்தாராம். காகிதத் துண்டில் நடுங்கும் கையால் பெயரைத் தாமே எழுதினாராம். 'இதுவும் நல்லாத்தான் இருக்குது. ஆனா அத்தை சொன்னது வேற' என்றாராம். அந்த வேறு கதையைப் பேரர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறார். பெரியம்மாள் சொல்லச் சொல்ல இதுவரையில் பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறதாம். கெட்டவன் இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறார்.